காஞ்சிபுரத்து தர்க்கமும் லெனின்கிராட் வாத்தியாரும்

மணிமேகலையில நம்மாளுங்க படிக்கறது பெரும்பாலும் அட்சய பாத்திரம், ஆதிரை, காயசண்டிகை வரைக்கும்தான். இருபத்தொன்பதாவது காதை வந்தா பக்கத்தைப் புரட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். காலேஜ்ல எங்களுக்கு அந்தக் காதை சிலபஸ்லயே இல்ல, "அது வெறும் தர்க்கம்பா, கவித்துவம் கிடையாது"ன்னு ஒரே வரியில முடிச்சாங்க. கவித்துவம் இல்லைங்கறது உண்மைதான். காஞ்சியில அறவண அடிகள் உக்காந்து அந்தப் பொண்ணுக்கு லாஜிக் கிளாஸ் எடுக்கறாரு, அவ்வளவுதான் நடக்குது. அளவை, அதாவது ஒண்ணை அறியற வழி, ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு நேரா காண்றது, இன்னொண்ணு கருத்தால அறியறது. மலையில நெருப்பு இருக்குங்கறது பக்கம் (நிரூபிக்க வேண்டியது), புகை இருக்குங்கறது ஏது (காரணம்), அடுக்களை மாதிரிங்கறது திட்டாந்தம் (உதாரணம்). இதுக்கு மேல உபநயம், நிகமனம்னு மத்தவங்க சொல்ற ரெண்டும் திட்டாந்தத்துக்குள்ளயே அடங்கிடும்னு சொல்லிட்டு, எங்கெங்க ஏது தப்பா போகும்னு பெரிய பட்டியல் ஒண்ணு போடறாரு.

இந்த ரெண்டே அளவைங்கற விஷயம் திக்நாகரோடது. கி.பி. ஐந்து-ஆறாம் நூற்றாண்டு வாக்குல வாழ்ந்த பௌத்த தர்க்கவாதி. திபெத்திய வரலாற்று நூல்கள் அவரை காஞ்சிக்குப் பக்கத்துல சிங்கவக்த்ரம்ங்கற ஊர்ல பிராமணக் குடும்பத்துல பொறந்தவர்னு சொல்லுது. அவருக்கு அப்புறம் வந்த தர்மகீர்த்தியையும் தெற்குலதான் பொறந்தார்னு அதே நூல்கள் சொல்லுது. சாத்தனார் திக்நாகரைப் பார்த்து எழுதினாரா, திக்நாகருக்கு முன்னாடியா பின்னாடியாங்கற சண்டை இன்னும் ஓயல. 1928ல எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் மணிமேகலை பத்தி எழுதின ஆங்கிலப் புத்தகத்துல இதுக்காகவே ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் யாகோபியோட கருத்தைக் கேட்டு வாங்கிப் போட்டிருப்பாரு.

அந்த யாகோபிகிட்ட படிச்ச ஒரு ரஷ்யக்காரரைப் பத்திதான் இந்தப் பதிவு. ஃபியோதர் ஷெர்பாட்ஸ்கி. 1866ல பொறந்து 1942ல செத்தவரு. நான் இருபத்தொன்பதாவது காதையை உரை வச்சுக்கிட்டுப் படிச்சும் பாதி புரியாம, "ஏன் இப்படிச் சொல்றாங்க, இதனால என்ன ஆகப்போகுது"ன்னு தேடிக்கிட்டுப் போய் இவரோட 'புத்திஸ்ட் லாஜிக்'ல விழுந்தேன். ரெண்டு வால்யூம், 1930லயும் 1932லயும் லெனின்கிராட்ல அச்சானது. ஒரு பக்கம் அடிக்குறிப்பு முக்கால் பக்கம் ஏறி நிக்கும், ஆனா நடுவுல திடீர்னு மனுஷன் எதிராளியோட சட்டையைப் பிடிச்சு உலுக்கற மாதிரி எழுதுவாரு. அந்தக் குரல் எங்கேருந்து வந்துதுன்னு தெரிஞ்சுக்கற ஆசையிலதான் அவர் வாழ்க்கையைத் தேட ஆரம்பிச்சேன்.

பிரபு குடும்பம், பொறந்தது அப்போ ரஷ்யாவுக்குக் கீழ இருந்த போலந்துல கியெல்ட்சே ஊர்ல. பள்ளிப்படிப்பு ஜார்ஸ்கோயே செலோவுல, அப்புறம் பீட்டர்ஸ்பர்க் யுனிவர்சிட்டி (பின்னாடி பெட்ரோகிராட், லெனின்கிராட்னு பேர் மாறினது இதே ஊர்தான்). அங்க மினாயெவ்கிட்ட சமஸ்கிருதம், பிறகு வியன்னாவுல பூலர்கிட்ட பாணினியும் அலங்கார சாஸ்திரமும். அதாவது ஆரம்பத்துல மனுஷன் கவிதைப் பக்கம்தான் இருந்தாரு. இதெல்லாம் முடிச்சுட்டு வேலை தேடுவாருன்னு பார்த்தா 1893ல ஊருக்குத் திரும்பிப் போய் பண்ணையைப் பார்த்துக்கறேன்னு உக்காந்துட்டாரு. ஆறு வருஷம்! நிலம், உள்ளூர் நிர்வாகம், அந்த வேலைதான். 1899ல ரோம்ல நடந்த கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டுக்குப் போனவருக்கு பழைய வெறி திரும்ப வந்துடுச்சு, அங்கேருந்து நேரா பான் நகரத்துக்கு, யாகோபிகிட்ட. யாகோபி நியாய சாஸ்திரத்துல, அதாவது வைதிகப் பக்கத்து தர்க்கத்துல, ஆழமான ஆளு. கவிதை போச்சு, தர்க்கம் வந்துச்சு. 1900லேருந்து பீட்டர்ஸ்பர்க்ல வாத்தியார் வேலை.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்து ஐரோப்பாவுல இந்தியத் தத்துவம்னா ரெண்டு விதமான ஆளுங்கதான் அதிகம். ஒண்ணு, இலக்கணம் மொழியியல்னு சொற்களை அலசுற பண்டிதருங்க, அவங்களுக்கு இந்தச் சுவடியில இருக்கறது உண்மையா பொய்யாங்கற கேள்வியே கிடையாது. இன்னொண்ணு, உபநிஷத்தைப் படிச்சுட்டு உருகுற கூட்டம். ஷெர்பாட்ஸ்கி ரெண்டும் இல்ல. தர்மகீர்த்தி ஒரு வாதம் வைக்கறார்னா அது நிக்குமா விழுமான்னு பார்க்கறவரு. சும்மா புத்தகத்தை வச்சுக்கிட்டு அப்படிப் பார்க்க முடியாது, அந்த வாதம் இன்னும் உசுரோட இருக்கற இடத்துல போய் உக்காரணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துது. அப்படி ரெண்டு இடம் இருந்துது.

ஒண்ணு புரியாத் நாடு. பைக்கால் ஏரிக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவுக்குள்ளயே இருந்த திபெத்திய பௌத்த மடங்கள், டாட்சன்னு சொல்லுவாங்க. அங்க தர்மகீர்த்தி பாடப்புத்தகம். சின்னப் பசங்க எழுந்து நின்னு கையைத் தட்டி கேள்வி கேட்க, உக்காந்திருக்கற பையன் ஏது சொல்லி பதில் சொல்லணும். இந்தியாவுல பௌத்தம் அழிஞ்சு எழுநூறு எண்ணூறு வருஷம் கழிச்சு காஞ்சிக்காரரோட லாஜிக் சைபீரியக் குளிர்ல பசங்களுக்கு தினப்படி ஹோம்வொர்க்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1905ல மங்கோலியாவுல ஊர்கா நகரத்துக்குப் போய், ஆங்கிலேயப் படை லாசாவுக்குள்ள புகுந்ததால தப்பி வந்திருந்த பதிமூணாம் தலாய் லாமாவையும் பார்த்தாரு. திபெத்துக்குள்ள போகணும்ங்கற ஆசை மட்டும் கடைசி வரை நடக்கல.

இன்னொண்ணு நம்ம நாடு. 1910-11ல வந்தாரு. மிதிலையிலேருந்து வந்த நியாய பண்டிதருங்களோட உக்காந்து காலையிலேருந்து ராத்திரி வரை சமஸ்கிருதத்துலயே பேசி, சமஸ்கிருதத்துலயே பாடம் கேட்டிருக்காரு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நியாய சாஸ்திரம் பௌத்தர்களுக்கு ஜென்ம விரோதி. உத்யோதகரர், வாசஸ்பதி மிச்ரர், உதயணர் எல்லாம் திக்நாகரையும் தர்மகீர்த்தியையும் அடிக்கறதுக்குன்னே எழுதினவங்க. அடிக்கணும்னா முதல்ல எதிராளி என்ன சொன்னான்னு ஒழுங்கா சொல்லணும் இல்லையா, அது பூர்வபட்சம். அதனால பௌத்தர்களோட வாதத்தை மிதிலை பிராமணர்களே தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வச்சிருந்தாங்க, மறுக்கறதுக்காக. ஒரு பக்கம் சிஷ்யப் பிள்ளைங்ககிட்ட, இன்னொரு பக்கம் எதிரிகிட்ட, ரெண்டு பேர்கிட்டயும் உக்காந்து கத்துக்கிட்டவர் ஷெர்பாட்ஸ்கி. சுவடி கதையும் இப்படித்தான். தர்மகீர்த்தியோட நியாயபிந்து சமஸ்கிருதத்துல கிடைச்சதே குஜராத்ல காம்பே ஊர் ஜைனக் கோயில் சுவடிப் பண்டாரத்துலேருந்துதான், பீட்டர்சன் 1889ல பதிப்பிச்சாரு. பௌத்தன் எழுதினதை பிராமணன் மறுத்து வச்சான், ஜைனன் பூட்டி வச்சான், லாமா மனப்பாடம் பண்ணான்.

திக்நாகர் பத்தி திபெத்தியர்கள் சொல்ற கதை ஒண்ணை ஷெர்பாட்ஸ்கி முன்னுரையில ரசிச்சு எழுதியிருப்பாரு. திக்நாகர் முதல்ல சேர்ந்தது வாத்சீபுத்ரீயர்னு ஒரு பிரிவுல. அவங்க பௌத்தர்கள்தான், ஆனா ஆள்னு ஏதோ ஒண்ணு இருக்கு, அது உடம்புமில்ல உடம்புக்கு வேறயுமில்ல, சொல்லால சொல்ல முடியாதுன்னு ஒரு கொள்கை. குரு திக்நாகரைக் கூப்பிட்டு, அந்தச் சொல்ல முடியாத ஆளைத் தேடி தியானம் பண்ணுன்னாரு. இவர் என்ன பண்ணாரு, பகல்ல ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வச்சாரு, ராத்திரி நாலு பக்கமும் விளக்கு ஏத்தி வச்சாரு, துணியெல்லாம் அவுத்துட்டு உள்ள வெளிய எல்லாப் பக்கமும் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. கூடப் படிச்சவன் ஓடிப்போய் போட்டுக் குடுத்துட்டான். குரு கூப்பிட்டு என்னடா இதுன்னு கேட்டா, "நீங்க தேடச் சொன்ன ஆளைத் தேடிக்கிட்டு இருக்கேன், எங்கயும் காணோம்"ன்னு பதில். கெளம்புன்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்க்காரர் பண்ற குசும்பு மாதிரியே இருக்கு, அதனாலயே எனக்கு சிங்கவக்த்ரம் கதை மேல கொஞ்சம் நம்பிக்கை வந்துடுச்சுன்னு வைங்களேன்.

சரி, அந்த லாஜிக்ல அப்படி என்னதான் இருக்குன்னா, ஒரே ஒரு வாதத்தை மட்டும் சொல்றேன். ஒரு பொருள் நிஜமா இருக்குன்னா அது ஏதாவது செய்யணும், எதுவுமே செய்யாதது இருக்குன்னு சொல்றதுல அர்த்தமில்ல. இது தர்மகீர்த்தியோட முதல் படி. இப்ப மாறாம நிலையா இருக்கற ஒரு பொருளை எடுத்துக்கோங்க. அது தன்னோட வேலையை எப்படிச் செய்யும்? எல்லா வேலையையும் ஒரே நேரத்துல செஞ்சுடும்னா, அடுத்த நொடியில செய்ய ஒண்ணுமில்ல, அப்ப அது இல்லாத மாதிரிதான். ஒண்ணொண்ணா செய்யும்னா, முதல் வேலை செய்யறப்போ ரெண்டாவது வேலைக்கான சக்தி அதுகிட்ட இருந்துதா இல்லையா? இருந்தும் ஏன் செய்யல? இல்லைன்னா அப்புறம் வந்த சக்தியால அது மாறிடுச்சே. குதிர்ல கெடக்கற விதை முளைக்காது, வயல்ல போட்ட விதை முளைக்கும், ரெண்டும் ஒரே விதைன்னு நாம சொல்றோம். இல்லப்பா, குதிர்ல இருந்தது வேற, முளைக்கறதுக்கு முந்தின நொடியில இருந்தது வேற, நடுவுல ஒவ்வொரு நொடியும் புதுசு புதுசா ஒண்ணு வந்து போச்சு, நாமதான் அதுக்கெல்லாம் சேர்த்து விதைன்னு பேர் வச்சோம்ங்கறாரு. நியாயக்காரங்க விடுவாங்களா? தண்ணி, மண்ணுன்னு துணைக் காரணம் வந்து சேர்ந்ததாலதான் முளைச்சுது, விதை அதேதான்னு திருப்பி அடிச்சாங்க. இந்தச் சண்டை நானூறு ஐநூறு வருஷம் ஓடியிருக்கு. ஷெர்பாட்ஸ்கி புத்தகத்துல அந்த ஒவ்வொரு அடியும் திருப்பி அடியும் வரிசையா வரும், ரெண்டு பக்கத்தையும் விட்டுக்குடுக்காம.

1917 புரட்சியில பண்ணை போச்சு. பிரபு வர்க்கத்து ஆளு, பௌத்தம் படிக்கற ஆளு, ரெண்டுமே புது ஆட்சியில நல்ல அடையாளம் இல்ல. ஆனா முதல் பத்து வருஷம் ஆச்சரியமா நல்லாத்தான் போச்சு. 1918ல ரஷ்ய அறிவியல் அகாடமி உறுப்பினர் ஆயிட்டாரு. 1919ல, பெட்ரோகிராட்ல சாப்பாடே கெடைக்காத காலத்துல, பௌத்தக் கண்காட்சி ஒண்ணு நடத்தி அதுல பௌத்தத் தத்துவம் பத்திப் பேசியிருக்காரு, உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருக்கு, இங்க மனுஷன் ஆன்மா இல்லைன்னு லெக்சர் குடுத்துக்கிட்டு இருக்காரு. 1921ல புத்தகம் வாங்கறதுக்காக அகாடமி ஐரோப்பாவுக்கு அனுப்புச்சு. அந்தப் பயணத்தோட பலன்தான் 1923ல லண்டன்ல ராயல் ஏஷியாடிக் சொசைட்டி போட்ட 'சென்ட்ரல் கன்செப்ஷன் ஆஃப் புத்திஸம்'. அப்படியே அங்க தங்கியிருக்கலாம், எத்தனையோ ரஷ்யப் பிரபுக்கள் பாரிஸ்லயும் பெர்லின்லயும் தங்கிட்டாங்க. இவர் திரும்பி வந்தாரு. ஏன்னா மாணவருங்க அங்க இருந்தாங்க, லைப்ரரி அங்க இருந்துச்சு, புரியாத் மடங்கள் அந்த நாட்டுக்குள்ள இருந்துச்சு. இது என் ஊகம்தான், ஆனா அவர் அடுத்து செஞ்சதையெல்லாம் பார்த்தா வேற காரணம் எனக்குத் தோணல.

இடையில ரிலாக்ஸா இன்னொரு வேலையும் பண்ணியிருக்காரு: தண்டியோட தசகுமார சரிதத்தை ரஷ்யன்ல மொழிபெயர்த்து பத்திரிகையில தொடரா போட்டாரு, 1923லேருந்து 25 வரை. தண்டி யாரு? பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்காரர், நம்ம தண்டியலங்காரத்துக்கு மூலம் எழுதினவர். லெனின்கிராட்ல உக்காந்துக்கிட்டு இந்த மனுஷன் காஞ்சியையே சுத்தி வந்திருக்காரு.

மாணவருங்க விஷயத்துக்கு வரேன், படிச்சதுல என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணினது இதுதான். ஓட்டோ ரோசன்பெர்க்னு ஒருத்தர், ஜப்பான் போய் சீன, ஜப்பானிய உரைகளை வச்சு அபிதர்மம்ங்கற பௌத்தத் தத்துவப் பகுதியைப் படிச்சவரு, 1918ல ஒரு அற்புதமான புத்தகம் எழுதிட்டு அடுத்த வருஷமே 31 வயசுல போயிட்டாரு. யெவ்கேனி ஓபர்மில்லர், திபெத்திய வரலாற்றாசிரியர் பூதோனோட பௌத்த வரலாற்றை ஆங்கிலத்துல தந்தவரு, இன்னைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டற புத்தகம், தீராத வியாதியோட போராடி 1935ல 34 வயசுல செத்தாரு. ஆந்த்ரேய் வோஸ்த்ரிகோவ், திபெத்திய வரலாற்று இலக்கியத்துல அவரை மிஞ்ச ஆளில்ல, 1937 செப்டம்பர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. மிகயீல் துபியான்ஸ்கி, வங்காளத்துலேருந்து நேரா தாகூரை ரஷ்யன்ல மொழிபெயர்த்தவரு, அதே வருஷம் நவம்பர்ல சுடப்பட்டாரு. பீட்டர்ஸ்பர்க்ல பௌத்தக் கோயில் கட்டின அக்வான் தோர்ஜியேவ்னு புரியாத் லாமா, அந்தக் கட்டடக் கமிட்டியில ஷெர்பாட்ஸ்கியும் இருந்தாரு, 1938 ஜனவரியில உலான்-உதேயில காவல்ல இருக்கும்போதே செத்தாரு. டாட்சன்களை ஒண்ணொண்ணா மூடினாங்க, கைதட்டி வாதம் பண்ணின லாமாக்களை ஆயிரக்கணக்குல பிடிச்சாங்க. 1928ல இவர் முயற்சியில ஆரம்பிச்ச பௌத்தப் பண்பாட்டு நிறுவனம் ரெண்டே வருஷத்துல வேற நிறுவனத்துக்குள்ள கரைஞ்சுபோச்சு. 1897லேருந்து வந்துக்கிட்டிருந்த பிப்லியோதிகா புத்திகா நூல்வரிசையும் நின்னுபோச்சு.

வயசான வாத்தியாரை மட்டும் விட்டுட்டாங்க. உலகப் பேரு இருந்ததாலயா, வயசாலயா, யாருக்குத் தெரியும். சொந்தப் பையன் மாதிரி வளர்த்த பசங்க போனதுக்கப்புறம் எழுபது வயசுக் கிழவர் தினமும் அதே நிறுவனத்துக்குப் போய் அதே நாற்காலியில உக்காந்திருக்கணும்.

இதே சமயத்துலதான் ராகுல் சாங்கிருத்யாயன் லெனின்கிராட் வர்றாரு. வால்காவிலிருந்து கங்கை வரை எழுதின அதே ராகுல்ஜி, தமிழ்ல படிக்கற பழக்கம் இருக்கற வீட்டுல எங்கயாவது ஒரு பிரதி இருக்கும். இளவயசுல திருமழிசை மடத்துல கொஞ்ச காலம் இருந்தவரும்கூட. திபெத்துக்குப் போய் மடங்கள்ல தூசி படிஞ்சு கெடந்த ஓலைச்சுவடிகள்ல தர்மகீர்த்தியோட பெரிய நூலான பிரமாணவார்த்திகத்தோட சமஸ்கிருத மூலத்தைக் கண்டுபிடிச்சவரு. ஷெர்பாட்ஸ்கி வாழ்நாள் முழுக்க திபெத்திய மொழிபெயர்ப்பு வழியா மட்டுமே பார்த்துக்கிட்டிருந்த நூல் அது. அவர்தான் ராகுல்ஜியை அழைச்சது. 1937 கடைசியில வந்தாரு, அதாவது வோஸ்த்ரிகோவ் கொல்லப்பட்ட கையோட. கம்யூனிசத்து மேல அவ்வளவு நம்பிக்கை வச்சிருந்த ராகுல்ஜிக்கு அந்தக் கட்டடத்துல எந்தெந்த நாற்காலி காலியா இருக்கு, ஏன் காலியா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? கிழவர் வாயைத் தொறந்திருப்பாருன்னு எனக்குத் தோணல. ராகுல்ஜி அங்கதான் லோலாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, கொஞ்ச மாசத்துல இந்தியா திரும்பிட்டாரு, பையன் பொறந்தது அதுக்கப்புறம்தான். 1945ல அதே ஊருக்கு யுனிவர்சிட்டியில பாடம் எடுக்கத் திரும்பி வரும்போது ஷெர்பாட்ஸ்கி உயிரோட இல்ல. போர் வந்ததும் வயசான அகாடமிக்காரங்களையெல்லாம் கசாக்ஸ்தான்ல போரோவோயேங்கற ஊருக்குக் கொண்டுபோய் விட்டாங்க, அங்கதான் 1942 மார்ச் 18ல செத்தாரு.

இவரைக் குறையே சொல்ல முடியாதான்னா, நிறையவே சொல்லலாம். பெரிய குறை, ஜெர்மன் தத்துவவாதி கான்ட். எதைப் பார்த்தாலும் கான்ட் தெரியும் இவருக்கு. தர்மகீர்த்தி சொல்ற, பெயர் வைக்கறதுக்கு முன்னாடி புலனுக்கு முதல் நொடியில படற அந்தத் தனிப்பொருளை, கான்ட்டோட தானே-உள்ள-பொருள் மாதிரின்னு இழுத்துக்கிட்டே போவாரு. கான்ட்டோடது மனுஷ அறிவுக்கு எட்டவே எட்டாதது. தர்மகீர்த்தியோடது நேரா கண்ணுல படறது, நெருப்புன்னா சுடறது, தண்ணின்னா தாகம் தீர்க்கறது, அதுதான் அதோட நிஜத்துக்கே அடையாளம். ரெண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர். வித்தியாசம் இருக்குன்னு அவரே அங்கங்க சொல்லிக்குவாரு, சொல்லிட்டு அடுத்த பக்கத்துல மறுபடி கான்ட். பின்னாடி வந்த வியன்னாக்காரங்க, ஃப்ராவ்வால்னரும் அவர் வழியில வந்த ஸ்டைன்கெல்னரும், சுவடியை வரிக்கு வரி ஒப்பிட்டு இவர் நிறைய இடத்துல ரொம்பத் தாராளமா விளக்கியிருக்காருன்னு காட்டிட்டாங்க. 2005ல திக்நாகர் நூலுக்கு ஜினேந்திரபுத்தி எழுதின உரையோட முதல் அத்தியாயம் சமஸ்கிருத மூலத்துலேருந்தே பதிப்பாகி வந்துடுச்சு, இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவன் ஷெர்பாட்ஸ்கியை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு அடி நகர முடியாது. (ஃப்ராவ்வால்னர் 1932லயே நாஜிக் கட்சியில சேர்ந்தவரு. தர்மகீர்த்தி காலத்தைக் கணிச்சதுல அவ்வளவு நுணுக்கமான ஆளு. படிப்புக்கும் மனுஷனுக்கும் இருக்கற தூரத்தை நினைச்சா எனக்கு சில சமயம் வெறுத்துப் போகும்.)

ஆனா கான்ட் பைத்தியத்துக்குப் பின்னாடி ஒரு பிடிவாதம் இருக்கு, அதை நான் குறையா பார்க்கல. ஐரோப்பியத் தத்துவ வாத்தியாருங்க இந்தியான்னா மதம், மந்திரம், தியானம்னு ஒதுக்கி வச்சிருந்த காலத்துல, "இல்லய்யா, உங்க ஆளுங்களோட சரிக்குச் சரி மேடையில உக்கார வைங்க"ன்னு சொன்னவரு. சும்மா சொல்லல, உக்காரவே வச்சாரு. முதல் வால்யூம் முடிவுல கற்பனையா ஒரு விவாதம் எழுதியிருக்காரு, திக்நாகரும் தர்மகீர்த்தியும் கான்ட், ஹேகல் எல்லாரோடயும் உக்காந்து பேசிக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தர் மடக்கறாங்க. அறுபத்தஞ்சு வயசு அகாடமி உறுப்பினர் பண்ற வேலையா இதுன்னு தோணும், ஆனா ஊர்காவுலயும் மிதிலை பண்டிதர் முன்னாடியும் உக்காந்தவருக்கு அது இயல்பா வந்திருக்கும்.

நம்மகிட்ட இவரை மாதிரி ஆளுங்களைப் பத்திப் பேசினா ரெண்டே ரெண்டு ரியாக்‌ஷன்தான் வரும். "பாத்தியா, வெள்ளைக்காரனே நம்ம அருமையைச் சொல்லிட்டான்"ங்கற புல்லரிப்பு, இல்லைன்னா "நம்ம சொத்தைத் தூக்கிட்டுப் போய் பேர் வாங்கிட்டான்"ங்கற கடுப்பு. ரெண்டுலயுமே திக்நாகர் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுக்கற அவசரம் யாருக்கும் இல்ல. காஞ்சிபுரத்துல பட்டு எடுக்கப் போற கூட்டத்துல எத்தனை பேருக்கு இப்படி ஒருத்தர் அந்தப் பக்கத்துலேருந்து போனாருன்னு தெரியும்? எங்க வீட்டுலயே சொன்னா, "யாரு, நாகர்கோவிலா"ன்னு கேக்கறாங்க.

தர்மகீர்த்தி கதை ஒண்ணு பாக்கி இருக்கு, அதே திபெத்திய நூல்கள்ல வர்றது. அவர் நூலை எழுதி முடிச்சு பண்டிதருங்ககிட்ட குடுத்தாராம். பொறாமை பிடிச்ச எதிரிங்க ஏடுகளை ஒரு நாயோட வால்ல கட்டி தெருவுல ஓட விட்டாங்களாம். அவர் அசரல, இந்த நாய் எப்படி எல்லாத் தெருவுலயும் ஓடுதோ அப்படி என் நூலும் எல்லாத் திசையிலயும் போகும்னாராம்.

வோஸ்த்ரிகோவோட புத்தகம் 1962ல, அவர் செத்து இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, திரும்ப உயிர் வந்த அதே பிப்லியோதிகா புத்திகா வரிசையில வெளியாச்சு. அதே 1962ல அமெரிக்காவுல டோவர் கம்பெனி 'புத்திஸ்ட் லாஜிக்'கை மலிவுப் பதிப்பாப் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் இது யுனிவர்சிட்டிக்கு வெளிய இருக்கறவங்க கைக்கும் வந்துச்சு. இந்தியாவுலயும் மறுபதிப்பு கிடைக்குது. படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், முதல் வால்யூமைத் தொறந்து முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க, கான்ட்ல மாட்டிக்குவீங்க. ரெண்டாவது வால்யூம்ல நியாயபிந்துவும் தர்மோத்தரர் உரையும் முழுசா மொழிபெயர்ப்பா இருக்கு, 1930ல முதல்ல வந்ததும் அதுதான். பக்கத்துல மணிமேகலை இருபத்தொன்பதாவது காதையைத் தொறந்து வச்சுக்கிட்டு, ஏது எப்படியெல்லாம் பொய்யாகும்னு அறவண அடிகள் போடற பட்டியலையும் தர்மோத்தரர் சொல்றதையும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருத்திப் பாருங்க. சில இடத்துல பொருந்தும், சில இடத்துல நல்லாவே இடிக்கும். இடிக்கற இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு அப்புறமா முதல் வால்யூமுக்குப் போங்க.